மூச்சுக்கு முன்னால் ஒரு பாட்டு

கரண்ட் போய் வந்தது கண் சிமிட்டும் நேரம்தான். மேலே மின்விசிறி சுற்றுவதைக்கூட நிறுத்தவில்லை. அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற மூச்சு மெஷின் மட்டும் செத்துப் பிழைத்தது. பிழைத்ததும் முதல் காரியமாக அது பாட்டுப் பாடியது.

கம்பெனியின் பாட்டு. திரையில் கம்பெனியின் முத்திரை பூப்போல விரிந்து, சுழன்று, மினுங்கி, ஆற அமர அடங்கியது. பிறகு நல்வரவு சொன்னது. எந்த மொழி வேண்டும் என்று கேட்டு, பதில் வராததால் கொஞ்சம் காத்திருந்து, தானே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. பிறகு வெளியே வெயில் எவ்வளவு என்று அறிவித்தது. அண்ணன் முழங்கால்களில் இரண்டு கைகளையும் ஊன்றி, வாயைத் திறந்து, தோள்பட்டையால் காற்றை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் உதட்டின் நிறம் மாறிக்கொண்டிருந்தது. அண்ணி மாற்று ஆக்ஸிஜன் சிலிண்டரின் திருகில் துணியைச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார், அது அசைந்துகொடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மெஷின், தினமும் நடப்பது நுரையீரலுக்கு நல்லது என்று ஆரோக்கியக் குறிப்பு ஒன்றை எடுத்துவிட்டது.

அதெல்லாம் முடிந்த பிறகுதான், போனால் போகிறதென்று, உள்ளே கம்ப்ரெஸர் உறுமி, மூக்குக் குழாயில் காற்று வந்தது.

சாப்பிட்ட கையோடு கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்த தங்கைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. லீவு நாளில் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வந்தவள் அவள். அந்த மெஷின் அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் மெஷின். அதன் சாஃப்ட்வேர் எழுதும் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. நம் கம்பெனி மெஷின், நம்பி வாங்கலாம் என்று அண்ணனுக்குச் சொன்னதும் அவள்தான்.

அண்ணன் கார்களுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தவர். ஊரில் ஓடும் பாதி வண்டிகளின் பளபளப்பு அவர் நுரையீரலைத் தின்று வந்தது. மூச்சு திரும்பியதும் அவர் முதலில் தங்கையின் முகத்தைத்தான் பார்த்தார். அது எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது. சிரிக்கவைக்கப் பார்த்தார்.

"வெளிய வெயில் ஜாஸ்தியாம், பாப்பா. குடை எடுத்துட்டுத்தான் கிளம்பணும்."

அவர் வாசற்படி தாண்டி வெகு காலமாகிறது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு, முதலில் காற்றை விட்டுவிட்டு அப்புறம் பாடச் சொல்லக் கூடாதா என்று கேட்டார். குற்றம் சொல்லும் குரலே இல்லை, ஏதோ சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் ஆபீஸில் அந்த மெஷினின் உள்ளே என்னதான் இருக்கிறது என்று திறந்து பார்த்தாள். கூட நின்று எழுதியவள்தான். ஆனால் ஆளுக்கொரு மூலை பிரித்துக்கொடுத்த வேலையில், வீடு முழுவதையும் யாரும் சுற்றிப் பார்த்ததில்லை. எந்தக் கம்ப்யூட்டரை எடுத்தாலும் அதற்குள் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒன்று உண்டு. அதன் நடுவே கெர்னல். ஸ்விட்ச் போட்டதும் முதலில் கண் விழிப்பது அதுதான். மோட்டாரோ திரையோ சென்சாரோ, அதன் வழியாகத்தான் வேலை வாங்க முடியும். கம்பெனி தொடங்கிய காலத்தில், சந்தைக்கு முந்திக்கொண்டு போகும் அவசரத்தில், மேசைக் கம்ப்யூட்டருக்கான சிஸ்டம் ஒன்றை அப்படியே தூக்கி இந்த மெஷினுக்குள் திணித்துவிட்டார்கள். ஒரு அறை போதும் என்றவருக்கு ஒரு ஓட்டலையே கட்டிக்கொடுத்த மாதிரி. அப்புறம் வருஷா வருஷம் ஓட்டலுக்கு மாடி எழுப்பினார்கள்.

உள்ளே பிரிண்டர் இருந்தது. அதாவது பிரிண்டரோடு பேசத் தெரிந்த துண்டு. மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவர் எதை அச்சடிக்கப் போகிறார் என்று யாரும் யோசிக்கவில்லை. கேமரா இருந்தது. விளையாட்டுக்கு ஜாய்ஸ்டிக் இருந்தது. உலகத்திலிருந்தே ஒழிந்துபோன ஃப்ளாப்பி டிஸ்க்குக்குக்கூட அங்கே ஒரு இடம் பத்திரமாக இருந்தது. ஸ்விட்ச் போட்டால் கெர்னல் இவர்கள் ஒவ்வொருவரையும் தட்டி எழுப்பி, வந்திருக்கிறாயா என்று கேட்டு, இல்லாத ஆளுக்காகக் காத்திருந்து, அடுத்தவரிடம் போனது. அதற்குப் பிறகு முத்திரை, பாட்டு, வெயில், குறிப்பு. வரிசையின் கடைசியில், கூப்பிட்டால் வருகிறேன் என்று, மூச்சு நின்றுகொண்டிருந்தது.

அவள் நேராக மேனேஜரிடம் போனாள். மேனேஜர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போடச் சுலபமாக இருந்திருக்கும். அந்தக் காத்திருப்பில்தான் வாங்கியவருக்கு நம் மேல் ஒரு மதிப்பு வருகிறது என்று அவர் விளக்கினார். எங்கள் அண்ணனுக்கு உதட்டில் நீலம் வருகிறது என்றாள் அவள். அதற்குத்தானே மாற்று சிலிண்டர் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம் என்றார். பிறகு, எதையாவது எடுக்க வேண்டுமென்றால் அந்தப் பகுதியின் சொந்தக்காரரைத் தலையாட்டச் சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

அது அந்தக் கம்பெனியின் விதி. சாஃப்ட்வேரின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சொந்தக்காரர். ஒரு பகுதியை எடுக்க வேண்டுமானால் அதன் சொந்தக்காரர் தலையாட்ட வேண்டும். புதிய பதிப்பு ஒன்றை ஊரிலுள்ள வீடுகளுக்கெல்லாம் அனுப்ப வேண்டுமானால் கூட்டத்தில் எல்லாச் சொந்தக்காரர்களும் தலையாட்ட வேண்டும். விதியை மாற்றுவதென்றாலும் அப்படித்தான். ஒரு தலை ஆடாவிட்டாலும் வேலை நின்றுவிடும். இதில் மேனேஜருக்குப் பெருமை உண்டு. குடும்பம் மாதிரி நடத்துகிறேன் என்பார்.

அவள் ஒவ்வொரு மேசையாகப் போனாள். பிரிண்டர் பகுதியைக் கவனிப்பவர் இன்று வேண்டாமென்றாலும் நாளைக்கு வேண்டியிருக்கும் என்றார். கேமராக்காரர் அது பாட்டுக்கு ஒரு ஓரமாகத் தூங்குகிறது, உன் சோற்றையா பிடுங்கித் தின்கிறது என்று கேட்டார். பாட்டு விற்பனைத் தலைவருடையது. மெட்டுப் போட்டது அவருடைய மச்சான். வீட்டில் நிம்மதியாக இருக்க விடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஒருவர்கூடத் தலையாட்டவில்லை. சாயங்காலம் ஆவதற்குள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. நாசமாய்ப் போங்கள் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. எடுப்பதற்குத்தானே தலையாட்ட வேண்டும்? போடாமலே விட்டால்?

இருப்பதை வெட்டும் யோசனையைக் கைவிட்டு ஒன்றுமே இல்லாததிலிருந்து தொடங்கினாள். எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று பதில் சொல்லி, வெறும் எலும்பாக ஒரு கெர்னலைக் கட்டினாள். சோதனை அறையின் ஒரு மூலையில் பிரித்துப்போட்ட மெஷின் ஒன்றில் அதை ஏற்றினாள். பக்கத்தில் சோதனைப் பிரிவு அக்கா உட்கார்ந்து பிளக்கைப் பிடுங்குவதும் செருகுவதுமாக இருந்தார். முதலில் திரை இருட்டாகவே கிடந்தது. பிறகு கெர்னல், எது இல்லாததால் விழுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு விழுந்தது. சொன்னதை மட்டும் போட்டாள். மறுபடி விழுந்தது. மறுபடி ஒன்று போட்டாள்.

எந்தத் துண்டு வந்து நின்றாலும் அவள் கேட்டது ஒரே கேள்வி. இது இல்லாவிட்டால் மூச்சு நிற்குமா? கம்ப்ரெஸர் உள்ளே வந்தது. காற்றழுத்த சென்சார் வந்தது. ஆபத்தென்றால் அலறும் மணி வந்தது. திரைக்கு எண்கள் மட்டும் காட்டத் தெரிந்தால் போதும் என்று விட்டாள். மற்றவர்கள் எல்லாரும் வாசலோடு திரும்பிப் போனார்கள். ஆபீஸில் அவளுக்குக் கத்தரி என்று பெயர் வைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால், அப்புறம் முகத்துக்கு நேராகவே. அவள் அதற்கெல்லாம் அசரவில்லை.

கடைசியாக ஒரு துண்டைப் போட்டபோது அக்கா எட்டிப் பார்த்தார்.

"இது எதுக்கும்மா? மூச்சுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அது இருக்கட்டும்க்கா," என்றாள், வெடுக்கென்று.

அது அப்டேட் பகுதி. வீட்டிலிருக்கும் மெஷினிலிருந்து கம்பெனியின் சர்வரை அவ்வப்போது எட்டிப் பார்த்து, புதிய பதிப்பு வந்திருந்தால் யாரையும் கேட்காமல் இறக்கி ஏற்றிக்கொள்வது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தனியாக எழுதியது. யாராலும் நிறுத்த முடியாதபடி எழுதியதற்காக அப்போது மேடையேற்றி ஒரு கேடயம் கொடுத்தார்கள். அது இன்னும் அவள் மேசையில் இருக்கிறது. பிழை ஏதாவது வந்தால் திருத்த ஒரு வழி வேண்டாமா என்று அக்காவுக்கு அப்புறம் காரணம் சொன்னாள். காரணம் நியாயமானதுதான். ஆனால் ஊரார் எல்லாரிடமும் கேட்ட அந்த ஒரு கேள்வியை அதனிடம் அவள் கேட்கவே இல்லை.

அக்கா பிளக்கைச் செருகினார். கை பிளக்கை விட்டு விலகும் முன்பே கம்ப்ரெஸர் உறுமியது. அக்கா பிடுங்கினார், செருகினார், மறுபடி பிடுங்கினார். எத்தனை முறை செய்தாலும் மூச்சுதான் முதலில் வந்தது.

ஊழியர்களின் வீட்டு மெஷின்களில் புதிய பதிப்பை முதலில் போட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டு. அதற்கு யாரும் தலையாட்ட வேண்டியதில்லை. அண்ணனின் மெஷினை அவள் அந்தச் சோதனை வீடுகளோடு சேர்த்துவிட்டு, புதியதைத் தன் கையாலேயே கொண்டுபோய் ஏற்றினாள். அண்ணன் குழந்தை மாதிரி ஸ்விட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தார். போதும், கெடுத்துவிடப் போகிறீர்கள் என்று அண்ணி கையைத் தட்டிவிட்டார்.

"யாரோட வேலையெல்லாம் தூக்கிக் கடாசின?" என்றார் அண்ணன்.

"எல்லாரோடதையும்."

"உன்னோடது?"

"என்னோடது வேணும், அண்ணா."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அவரால் அப்படிச் சிரிக்க முடிந்தது அந்த வாரத்தில்தான். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

ஆபீஸில் அவள் அதைச் செய்துகாட்டியபோது கைதட்டல் கூரையைப் பிய்த்தது. தலையாட்டாதவர்கள்கூடத் தட்டினார்கள். மேனேஜர் எழுந்து நின்று கத்தரிக்குப் பாராட்டு என்றார். விற்பனைத் தலைவர் திரையிலிருந்த கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். மெமரியில் இவ்வளவு இடம் மிச்சமா என்று கேட்டார். ஆமாம் என்றாள், சந்தோஷத்தில். அந்த ஆமாம்தான் வினையாக முடிந்தது.

சில வாரம் கழித்து, அவள் கட்டிய அந்த ஒல்லி கெர்னலின் மேல் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். திரையில் தோன்றிச் சிரித்து, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று நலம் விசாரிக்கும் பெண். அவளைத் தொடர்ந்து காப்பீட்டு விளம்பரம். பாட்டு திரும்பி வந்தது, முன்பு வெட்டியிருந்த சரணத்தோடு முழுசாக. பெருக்கித் துடைத்துவைத்த அறையைப் பார்த்ததும் அவரவர் தட்டுமுட்டுச் சாமானை இறக்கிவிட்டார்கள். மூச்சு மறுபடி வரிசையின் கடைசிக்குப் போனது.

அவள் மேனேஜர் அறைக் கதவைத் தட்டவில்லை, தள்ளினாள்.

"நான் காலி பண்ணினது இதுக்கு இடம் விடவா சார்?"

கோபப்படாதீர்கள், உங்கள் உழைப்பால்தானே இதெல்லாம் முடிந்தது என்றார் அவர். மனப்பூர்வமாகவே சொன்னார். இன்னும் ஏதோ பாராட்டினார். அவளுக்கு அவர் மேசையிலிருந்த கண்ணாடி டம்ளரை எடுத்துச் சுவரில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. அடிக்காமல் வெளியே வந்தாள். அண்ணன் வீட்டு மெஷினாவது தன் கையால் ஏற்றியது, அதை யாரும் தொடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அந்த ஆறுதலில் அன்று சாப்பிடவும் செய்தாள்.

அண்ணியின் போன் வந்தது ஒரு மத்தியானம். போனில் அண்ணியின் குரலுக்கு முன்னால் கேட்டது பாட்டுச் சத்தம். கரண்ட் போய் வந்ததும்மா, யாரோ ஒரு பொம்பளை வந்து பேசறா, காத்து வரல என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது சிலிண்டர் சீறிக்கொண்டிருந்தது. திருகைத் திறந்ததில் அண்ணியின் உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அண்ணி அதைக் கவனிக்கக்கூட இல்லை. பக்கத்து வீட்டு டாக்டர் அண்ணனின் நாடியைப் பிடித்தபடி, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அண்ணன் கண் திறந்துதான் இருந்தார். அவள் அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். குடையைப் பற்றியோ வெயிலைப் பற்றியோ, எதையாவது. தங்கையை அடையாளம் தெரிந்துகொண்டார், அவ்வளவுதான். மெஷினின் திரையில் அந்தப் பெண் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

லேப்டாப்பை மெஷினோடு இணைத்ததும் விஷயம் விளங்கிவிட்டது. யாரும் வந்து எதையும் தொடவில்லை. அவளுடைய அப்டேட் பகுதிதான் சர்வரை எட்டிப் பார்த்திருக்கிறது. சோதனை வீடுகளுக்குப் புதிய பதிப்பு வந்திருப்பதைக் கண்டு, கேட்காமல் இறக்கி, அவள் கையால் ஏற்றியதை அழித்துவிட்டு அதை ஏற்றிவைத்திருக்கிறது. எழுதியபடி பிசகாமல் வேலை செய்திருக்கிறது. எல்லார் கதவையும் அடைத்தவள் தன் கதவை மட்டும் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதன் வழியாகத்தான் எல்லாரும் உள்ளே வந்திருக்கிறார்கள்.

அதை நீக்கச் சொன்னாள். மெஷின் மறுத்தது.

'உங்கள் நலனுக்காக, இந்தப் பகுதியை நீக்க இயலாது.'

அவளே எழுதிய வாக்கியம். 'உங்கள் நலனுக்காக' என்பதைச் சேர்த்தால் மரியாதையாக இருக்கும் என்று அன்றைக்கு யோசித்து யோசித்துச் சேர்த்தது. அவள் அதைத் திட்டிய வார்த்தைகளை அண்ணி அதுவரை அவள் வாயிலிருந்து கேட்டதில்லை. யாராலும் நிறுத்த முடியாதபடி எழுதியதை எழுதியவளே நிறுத்துவதற்குள் அவளுக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. கடைசியில் வேரோடு பிடுங்கி எறிந்து, ஒல்லியானதை மறுபடி ஏற்றி, ஸ்விட்சைத் தட்டினாள். கம்ப்ரெஸர் உடனே உறுமியது. அண்ணன் தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பி அந்தச் சத்தத்தைக் கேட்டார். அப்போதும் சிரிக்கவில்லை.

அந்தப் புதிய பதிப்பை ஊரிலுள்ள எல்லா வீடுகளுக்கும் அனுப்புவதற்கான கூட்டம் அடுத்த நாள் கூடியது. மேசை நடுவில் புத்தம்புது மெஷின் ஒன்று நின்றது. மேனேஜர் ஒவ்வொரு சொந்தக்காரராகப் பார்த்துக்கொண்டே வந்தார். பிரிண்டர்காரர் தலையாட்டினார். கேமராக்காரர் ஆட்டினார். விற்பனைத் தலைவர் பாட்டுக்காக ஒரு முறையும் பெண்ணுக்காக ஒரு முறையும் ஆட்டினார். கடைசியாக மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். புதிய பதிப்பை அனுப்பிவைக்கும் அப்டேட் பகுதி அவளுடையது, அவளைக் கேட்பது ஒரு சம்பிரதாயம்.

அவள் தலையாட்டவில்லை.

கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று மேனேஜர் இன்னொரு முறை கேட்டார். அவள் எழுந்து, மெஷினின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"நான் செருகினதும் எல்லாரும் மூச்சைப் பிடிங்க. மெஷின்ல காத்து வந்ததும் விடலாம்."

இரண்டொருவர் சிரித்தார்கள். மேனேஜர் விளையாட்டு என்று நினைத்து, நல்ல மனிதராக, மூக்கை விரலால் பிடித்துக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அவளும் வாயை இறுக மூடிக்கொண்டு பிளக்கைச் செருகினாள். முத்திரை விரிந்தது. பாட்டு தொடங்கியது. சரணம் வருவதற்குள் பிரிண்டர்காரர் வாயைப் பிளந்துவிட்டார். வெயில் அறிவிப்பில் மேனேஜர் விட்டுவிட்டார், கண்ணில் நீர் கோத்திருந்தது. திரையில் அந்தப் பெண் வந்து நலம் விசாரித்தபோது விற்பனைத் தலைவர் மேசையில் கையூன்றி இரைத்துக்கொண்டிருந்தார். அவளாலும் முடியவில்லை. விளம்பரம் தொடங்கும்போது நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஆகி, ஒரு கேவலோடு காற்றை இழுத்தாள். மெஷின் இன்னும் காப்பீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. கம்ப்ரெஸர் உறுமும்வரை எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க அண்ணன் நேத்து இவ்வளவு நேரம் காத்து இல்லாம இருந்தார்," என்றாள் அவள். "ஒல்லியா ஒண்ணு கட்டி வச்சிருக்கேன். அது எல்லா வீட்டுக்கும் போகட்டும், இப்பவே தலையாட்டுறேன். அதோட என் பகுதியையும் பிடுங்கிடுறேன். இது போகாது."

மேனேஜர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒருவர் பிடிவாதத்துக்காகக் கம்பெனியை நிறுத்திவைக்க முடியாது, விதியை மாற்றிக்கொள்ளலாம் என்றார். குரலில் இன்னும் மூச்சு இரைத்தது.

"மாத்துங்க சார். அதுக்கும் எல்லாரும் தலையாட்டணும்."

மேனேஜர் மேசையைச் சுற்றிப் பார்த்தார். கேமராக்காரர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரிண்டர்காரர் இன்னும் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டிருந்தார். விற்பனைத் தலைவர் மெஷினின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தலையும் ஆடவில்லை.